தனி இடம்: உண்டு

மூன்றாவது திருகாணி சுற்றுகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. முதல் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்டன. இது மட்டும் திருப்புளியோடு சேர்ந்து தானும் சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு எதையும் செய்யாத இந்த வீட்டு ஆட்களைப் போல. கையில் இருப்பது தையல் மிஷின் டப்பாவில் கிடந்த சின்னத் திருப்புளி. இந்த வேலைக்கானது இல்லை என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். மணி பத்து பத்து. பதினோரு மணிக்குச் சென்னை ஆபீசிலிருந்து ரெஜினா வீடியோவில் வருவாள், நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க. அதற்குள் இந்த டிரஸ்ஸிங் டேபிளிலிருந்து கண்ணாடி இறங்க வேண்டும். கண்ணாடி இறங்கினால்தான் இது மேசை, மேசை இருந்தால்தான் வேலை. ஐம்பது நிமிடம். கண்ணாடிக்குள் என் முகம் மூக்கு உரசும் தூரத்தில் நிற்கிறது, நாற்பத்தைந்து வயது முகம், நான் அதைப் பார்க்காமல் திருகாணியைப் பார்க்கிறேன். ஹாலில் அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். மாமியாரின் கைதான் வெங்காயத்தில் இருக்கிறது, காது இங்கே இருக்கிறது. "உள்ள என்ன சத்தம்? ஆசாரி வேல எப்பப் படிச்ச?" என்கிறார். "கண்ணாடியக் கழட்டுறேன் அத்த." வெங்காயச் சருகின் சரசரப்பு நிற்கிறது. "கழட்டிட்டு?" "கழட்டிட்டு மேசையாக்கிக்கப் போறேன்." "அப்ப இனிமே மூஞ்சிய எங்க பாப்ப?" "ஒங்க மூஞ்சியப் பாத்துக்கறேன்." "என் மூஞ்சில என்னடி இருக்கு பாக்க?" "தெரியல, இனிமேதான் பாக்கணும்." சருகு மறுபடி சரசரக்கிறது. சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா, இங்கிருந்து தெரியாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படியொரு பதில் என் வாயில் வந்திருக்காது. வந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன். விழுங்கியது எல்லாம் எங்கே போகும், தொண்டைக்குள் ஒரு அலமாரி இருக்கும் போல.

எல்லாம் அந்த மிக்சியால் வந்தது. இல்லை, மிக்சியைச் சொல்லக் கூடாது, மிக்சி தன் வேலையைத்தான் செய்தது. நான் ஒரு மிக்சி கம்பெனியின் புகார் லைனில் பேசுகிறவள், இரண்டு வருடமாக, திண்டுக்கல்லில் இந்த வீட்டிலிருந்தபடியே. வணக்கம், சௌந்தரா பேசுகிறேன், உங்கள் புகாரைச் சொல்லுங்கள். ஜார் ஒழுகுது, மூடி உட்காரல, புகை வாசம் வருது, சத்தம் ஜாஸ்தி. போன வியாழக்கிழமை தஞ்சாவூரிலிருந்து ஒருவர், ரிட்டயர்டு ஆளாக இருக்க வேண்டும், அவசரமில்லாத குரல், சத்தம் என்றுதான் ஆரம்பித்தார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எட்டடி தள்ளி அடுப்படி. அத்தை தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டார். அதே கம்பெனி மிக்சி, அதே மாடல். அந்தப் பக்கம் அது அவருக்கும் கேட்டது. பிறகு, "இதே சத்தந்தாம்மா, அப்படியே இதேதான்" என்றார். "ஒங்க வீட்டுதயே நீங்க இன்னும் சரி பண்ணலயே." கோபமே இல்லாமல், ஒரு சக நோயாளியிடம் பேசுவதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு எழுத்திலும் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்து பேசுகிறவர்களின் இடத்தையெல்லாம் பார்ப்பது என்று ஆனது, முதல் ஆள் நான். தனி இடம் வேண்டும். சாத்தக்கூடிய கதவு வேண்டும். பின்னால் வெறும் சுவர். முதுகு நிமிர்ந்து உட்கார நாற்காலி. இல்லையென்றால் ஒன்றாம் தேதியிலிருந்து சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும். "வர முடியலன்னாக்கா..." என்று ரெஜினா இழுத்தாள். என் டீம் லீடர் அவள், இருபத்தாறு வயது, இந்த மாதிரி வாக்கியங்களை முடிக்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. நான்தான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன். முடித்தபோது முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது, பயம் எனக்கு எப்போதும் அங்கேதான் வரும்.

இதற்கடியில் இன்னொன்று இருக்கிறது. வேலையில் சேர்ந்தபோது ஒரு படிவம். வீட்டில் வேலை செய்யத் தனி இடம் உண்டா? உண்டு என்று போட்டேன். போட்டோ கேட்டார்கள். வாசல் அறைக்குப் போய் என் வீட்டுக்காரர் தனபாலின் மேசையில் உட்கார்ந்து எடுத்து அனுப்பினேன். அவர் மனை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நிற்கிறவர். அதற்கு ஒரு அறை, ஆறடி மேசை, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் லேஅவுட் வரைபடங்கள், சுழல் நாற்காலி. நாற்காலியின் பாலிதீன் உறை ஆறு வருடமாக இன்னும் கிழிக்கப்படவில்லை. உட்கார்ந்தபோது கிறீச்சென்றது. மாதத்துக்கு இரண்டு முறை யாராவது வருவார்கள், அதுவும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார்கள். ஒருமுறை கேட்டேன், பகலில் நான் அங்கே உட்காரட்டுமா என்று. "நாலு பேரு வந்து போற எடம்" என்றார். அந்த நாலு பேரை ஆறு வருடமாக அந்த நாற்காலி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் பெயர்ப்பலகையைக் கீழே இறக்கி வைத்து, போட்டோ எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தேன், தூசியில் அதன் அச்சு இருந்ததால் சுலபமாக இருந்தது. பொய் சொன்னது உறுத்தவில்லை. பொய் சொல்லக்கூட இன்னொருவர் மேசை தேவைப்பட்டது, அதுதான் இரண்டு வருடமாக உள்ளங்காலில் சிராய் மாதிரி ஏறியிருக்கிறது. நடக்கலாம், ஓடலாம், ஆனால் இருக்கிறது.

திருகாணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுகிறேன். ஊறட்டும். இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் நான் உட்காராத இடம் இல்லை. முதலில் கட்டில், மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப், ஒரு மாதத்தில் இடது கால் மரத்துப் போய் இறங்கும்போது சுவரைப் பிடித்தேன். அப்புறம் அரிசி மூட்டை வைக்கும் அறை, அங்கே சிக்னல் வராது, எலி வரும். அப்புறம் தையல் மிஷின் மேல், பழக்கத்தில் பெடலை மிதிப்பேன், புகார் சொல்கிற பெண் பேசிக்கொண்டிருக்கும்போது சக்கரம் கடகடவென்று சுற்றும், அடியில் துணியே இல்லாமல். அப்புறம் அடுப்படி மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றபடி. அப்புறம் சாப்பாட்டு மேசை, அதிலும் பன்னிரண்டரைக்குத் தட்டு வைக்க எழுந்துவிட வேண்டும். வயரைச் சுருட்டு, ஹெட்செட்டைக் கழற்று, குறிப்பு நோட்டை எடு, துடை, எல்லோரும் சாப்பிட்டதும் மறுபடி துடை, வயரை விரி. ஒரு நாளைக்கு இரண்டு முறை குடி பெயர்ந்தேன். குழம்புக் கை படாத ஒரு பக்கம் அந்த நோட்டில் இல்லை. இதில் வேடிக்கை, எனக்கு இருபது வயதிலேயே ஒரு மேசை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டெலிபோன் பூத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பிளைவுட் மேசை, மூன்றடி, ஓரத்தில் பில் மிஷின், பின்னால் சுவர், முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ பேசுவார்கள், சத்தம் வெளியே வராது. காலையில் வந்து பையை மேசைக்கடியில் வைப்பேன். சாயங்காலம் வரை அந்தப் பை அங்கேயே இருக்கும். அவ்வளவுதான். ஒரு பை வைத்த இடத்தில் வைத்தபடியே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை. அந்த மேசையின் உயரம் இன்னும் என் முழங்கைக்கு ஞாபகம் இருக்கிறது.

போன் அடிக்கிறது, அவர்தான். "என்ன, அம்மா சொல்றாங்க எதையோ ஒடைக்கிறியாமே?" அதற்குள் செய்தி போய்விட்டது, வெங்காயம் உரித்த கையோடேயே. "ஒடைக்கல. கழட்டுறேன்." "எதுக்கு இந்த வேல? என் ரூம்ல போய் ஒக்காந்துட்டுப் போயேன். அரை மணி நேரம்தானே. நா வர்றதுக்கு ரெண்டாவும்." "அரை மணி நேரத்துக்கு அப்புறம்?" "அப்புறம் என்ன, எப்பவும் ஒக்கார்ற எடத்துல ஒக்காரு." "எப்பவும் ஒக்கார்ற எடம் எது?" கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதற்காக அவரைப் பாராட்டலாம். "அதான்... அங்கதான், டேபிள்ல." "எந்த டேபிள்ல?" "சௌந்தரா, வெயில்ல நிக்கறேன். சைட்ல ஆளு காத்துட்டிருக்காங்க. போன தடவ போட்டோ எடுத்தேல்ல, அதே மாதிரி இப்பவும் பண்ணிரு. யாருக்குத் தெரியப் போகுது?" எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அது கேட்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் அவருக்குக் கேட்காது. "வேணாம். என்கிட்ட மேச இருக்கு" என்றேன். "எது, அந்தப் பவுடர் டேபிளா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எப்போதும் கஷ்டம். கெட்டவர் என்றால் என்றைக்கோ சண்டை போட்டு ஒரு மேசையை வாங்கியிருப்பேன். "அது எங்க அம்மா வீட்டுலேருந்து வந்தது. எனக்குன்னு வந்தது. அதுல நா என்ன வேணா பண்ணுவேன்." போனை அவர் வைத்தாரா நான் வைத்தேனா, இப்போது நினைத்துப் பார்த்தால் நான்தான்.

எண்ணெய் ஊறியும் திருகாணி சுற்றத்தான் செய்கிறது. துளை தேய்ந்திருக்கிறது, மரத்தில் பிடிப்பு இல்லை, பிடிப்பு இல்லாததால்தான் வெளியே வரத் தெரியவில்லை. சரி. திருப்புளியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறேன். ஒரு இழுப்பு. இன்னொன்று. பிளைவுட் கிழிகிற சத்தம், துணி கிழிவதைவிடக் கரகரப்பாக, பல்லில் வந்து உட்காருகிறது. சட்டம் ஒரு துண்டு பலகையையும் பிய்த்துக்கொண்டு என்மேல் சாய்கிறது. கனம். இருபத்திரண்டு வருடமாக இவ்வளவு கனத்தின் முன்னால் உட்கார்ந்து பொட்டு வைத்திருக்கிறேன். அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விட்டால் உடையும், உடைந்தால் அத்தைக்கு ஒரு வருடத்துக்கான பேச்சு. கண்ணாடி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார், அதற்குப் பிறகு யாருக்குத் தலைவலி வந்தாலும் இந்தக் காலைதான் காரணமாக இருக்கும். இது வந்த அன்றைக்கு மினி லாரியில் பெட்ஷீட் சுற்றி வந்தது, சீர்வரிசையில் கடைசியாக இறக்கினார்கள். பெட்ஷீட் நழுவியது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது கண்ணாடிக்குள் மின்சாரக் கம்பிகள் போயின, எதிர்வீட்டு மாடி போனது, வேடிக்கை பார்த்தவர்களின் தலைகள் போயின, எல்லாம் சாய்ந்து சாய்ந்து. என் அம்மா கடையில் நாலு டேபிளைப் பார்த்து இதை எடுத்தாள். இழுப்பறை இருக்கு, கண்ணாடி பெரிசு, ஆயுசுக்கும் ஒழைக்கும் என்றாள். எழுதுவதற்கு ஒரு மேசை கொடு என்று நானும் கேட்கவில்லை, அப்படி ஒன்றைச் சீரில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை. கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள். படுக்க, பூட்ட, பார்த்துக்கொள்ள. கண்ணாடியை மெல்ல நகர்த்திக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்க்க, இறக்கி வைக்கிறேன். கையில் சிராய் குத்தி ஒரு புள்ளி ரத்தம். வாயில் வைத்துக்கொள்கிறேன். பத்து இருபத்தைந்து.

இப்போது இதன் முன் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு வருகிறது. உட்கார்ந்து வேலை செய்ய இதைச் செய்யவில்லை. ஒரு பெண் ஐந்து நிமிடம் வந்து ஸ்டூலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையைச் சீவி, எழுந்து போய்விடுவாள் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். முழங்கால் நுழைய இடமே இல்லை, நடு இழுப்பறை இடிக்கிறது. உயரமும் போதாது. கம்பெனி ஒரு படம் அனுப்பியிருக்கிறது, சரியாக உட்காருவது எப்படி என்று. படத்தில் ஒரு பெண், முகத்தில் கண் மூக்கு வாய் எதுவும் இல்லை, முழங்கை செங்கோணத்தில், பாதம் தரையில் முழுதாகப் படிந்து, பார்வை திரையின் மேல் விளிம்பில். அவளுக்குப் பின்னால் அடுப்பு இல்லை, அதனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இழுப்பறையை முழுதாக உருவிக் கட்டிலில் கவிழ்க்கிறேன். ஊக்குகள், காலாவதியான பொட்டு அட்டைகள், பல் போன சீப்பு, மகள் மதுவந்தியின் மூன்றாம் வகுப்பு அடையாள அட்டை. அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அங்கே அவளுக்கு ஒரு மேசையும் விளக்கும் கொடுத்திருக்கிறார்கள், போன வாரம் போட்டோ அனுப்பினாள், நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது அவள் முகத்தையா மேசையையா என்று சொல்ல மாட்டேன். இழுப்பறை போன இடத்தில் முழங்கால் சரியாக நுழைகிறது. உயரத்துக்குக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செங்கல் கிடக்கிறது. நாலு வேண்டும், ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு நடை. இரண்டு நடையும் அத்தையைத் தாண்டித்தான். முதல் நடையில் பார்த்தார். இரண்டாவது நடையில், "செங்கல் எதுக்கு? வீடு கட்டப் போறியா?" என்றார். "ஆமா அத்த. நாலு செங்கல்ல ஒரு வீடு." "கட்டு, கட்டு. கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லு, வாரேன்." இந்த வாய் எனக்குப் பிடிக்கும், அதுவும் ஒரு கஷ்டம். ஒரு மூலையை முழங்காலால் தூக்கிப் பிடித்துக் காலால் செங்கல்லைத் தள்ளுகிறேன், அடுத்த மூலை, அடுத்தது. நாலாவது மூலையில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூச்சு விட்டேன். விட்டது. ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி, முதுகுக்கு மடித்த போர்வை, லேப்டாப்புக்கு அடியில் மதுவந்தியின் பிளஸ் டூ வேதியியல் இரண்டு பாகமும். முழங்கையை வைக்கிறேன். கை ஒரு கணம் எதையோ தேடி, பிறகு தேடுவதை நிறுத்துகிறது. கண்ணாடி இருந்த இடத்தில் பிளைவுட் கிழிந்து நாக்கு மாதிரி ஒரு கீற்று, அதற்குப் பின்னால் வெறும் சுவர். இவ்வளவு நாள் இந்தப் பக்கம் பார்த்தால் நான் தெரிவேன். இப்போது யாரும் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது.

கதவு பாக்கி. பத்து ஐம்பது. இந்தப் படுக்கையறைக் கதவு பகலில் சாத்தப்பட்டதில்லை. கல்யாணமாகி ஐந்தாம் நாள் மத்தியானம், தலைவலி, வெளிச்சம் கண்ணில் குத்தியது, சாத்திக்கொண்டு படுத்தேன். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. இருந்தும் ஹாலில் அத்தை யாரிடமோ சொல்வது கேட்டது, "பட்டப்பகல்ல என்னத்துக்குக் கதவு?" யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், ஒருவரும் திட்டவில்லை. எழுந்து போய்த் திறந்து வைத்தேன். அதற்குப் பிறகு காய்ச்சலில் திறந்து வைத்துப் படுத்தேன், பிரசவம் முடிந்து வந்து திறந்து வைத்துப் பால் கொடுத்தேன், சேலை மாற்றப் பாத்ரூமுக்குப் போவேன். யாரும் சட்டம் போடவில்லை, அதனால் யாரிடமும் போய் மாற்றச் சொல்ல முடியவில்லை. திறந்தே இருக்கிற கதவு மெல்ல மெல்ல கதவாக இருப்பதை மறந்து ஆணி அடிக்கிற பலகையாகிவிட்டது. அதில் மாட்டியும் சாய்த்தும் அவருடைய சட்டைகள், குடை, மூன்று வருடக் காலண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, சுருட்டிய பாய்கள், கிழிந்த பைகளை வைத்திருக்கும் பை. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடுகிறேன். கட்டில் நிரம்பிவிட்டது. அடியில் கதவைச் சுவரோடு கட்டிவைத்திருந்த கயிறு, முடிச்சு கல்லாகியிருக்கிறது, கத்தரித்தேன். கதவு அரையடி நகர்ந்தது, மறுபக்கத்துப் பெயிண்ட் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் பார்க்கிற பக்கம் வெளிறிச் சாம்பலாகக் கிடக்க, சுவரைப் பார்த்து நின்ற பக்கம் நல்ல பச்சை, நேற்று அடித்த மாதிரி. ரெஜினா கேட்டால் சாத்த வேண்டும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் சாத்தாமலே இருந்துவிடலாம் என்று உள்ளே ஒன்று மெதுவாகச் சொல்கிறது, அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் ஐந்தாம் நாள் எழுந்து போய்த் திறந்தது. முழங்காலுக்குப் பின்னால் இழுக்கிறது. இழுக்கட்டும்.

பதினொன்று ஒன்றுக்கு ரெஜினா வந்தாள். முகத்துக்குப் பின்னால் எல்லாம் மங்கலாக்கி வைத்திருந்தாள், ஆபீஸ் பேட்ஜ் மட்டும் கழுத்தில் தெளிவாக இருந்தது. "அக்கா, கேக்குதா? அப்படியே லேப்டாப்ப ஒரு சுத்து காட்டுங்க." சுற்றினேன். சுவர், ஜன்னல், குவிந்து கிடக்கிற கட்டில், மேசை, செங்கல். "இது பெட்ரூமாக்கா?" "ஆமா." ஏதோ தட்டினாள். "அக்கா, பழைய போட்டோல வேற டேபிள் இருக்கே. கண்ணாடி போட்டது. ரோலிங் சேர் இருக்கு." வந்துவிட்டது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம், இரண்டு வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, அவளும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள், அவளுக்கும் அதுதான் சௌகரியம். "அது என் வீட்டுக்காரரோடது" என்றேன். "போட்டோவுக்காக அன்னிக்கு அரை மணி நேரம் ஒக்காந்தேன். ரெண்டு வருஷமா நா சாப்பாட்டு மேசையிலயும் அடுப்படியிலயும்தான் பேசிட்டிருக்கேன். இது காலைல போட்டது. இது என்னோடது." அவள் கை நின்றுவிட்டது. "அக்கா, இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது." "ஆகட்டும்." "ஏங்க்கா இப்படி... சும்மா மாத்திட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" பதற்றத்தில் முன்னால் குனிந்தாள், பின்னால் இருந்த மங்கல் ஒரு கணம் விலகியது. இரும்புக் கட்டில், அதற்கு மேலே இன்னொரு இரும்புக் கட்டில், மேல்கம்பியில் காயும் துண்டு, ஓரத்தில் பிளாஸ்டிக் வாளி. ஆபீஸ் இல்லை, லேடீஸ் ஹாஸ்டல். அவளுடைய லேப்டாப்பும் தலையணை மேல்தான் இருக்க வேண்டும். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். மங்கல் மறுபடி வந்து மூடியது. "கதவு?" என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இருக்கு." "சாத்திக் காட்டுங்க. அப்புறம் ஒரு நிமிஷம் நீங்க பேசக் கூடாது, சத்தம் அளக்கணும்."

எழுந்தேன். கதவு தரையில் உரசி முனகியது, பாதியில் பிடிவாதம் பிடித்தது, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நிலையில் போய்ப் படார் என்று உட்கார்ந்தது. தாழ்ப்பாளையும் போட்டேன், அதை அவள் கேட்கவில்லை. அறை சட்டென்று சின்னதாகிவிட்டது, என் மூச்சு எனக்கே கேட்டது. பச்சை முழுதாக என்னைப் பார்த்தபடி நிற்கிறது. வந்து உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே ஒரு சின்ன அலை ஆடிக்கொண்டிருந்தது, அலை கோட்டைத் தொடக் கூடாது. பத்து விநாடி. இருபது. வெளியே சருகு நின்றுவிட்டது, கேட்கவில்லை ஆனால் தெரிகிறது. முப்பது. மிக்சியைப் போடுவாரோ. இன்றைக்கு வெங்காயச் சாம்பார், அரைக்க வேண்டியது இருக்கிறது, இப்போது போட்டால் தஞ்சாவூர்க்காரர் சொன்ன அதே சத்தம், எல்லாம் முடிந்தது. நாற்பது. செருப்பில்லாத பாதம் ஹாலைக் கடந்து வருகிறது. "சௌந்தரா." அலை எழும்பியது. "சௌந்தரா, கதவு எதுக்குச் சாத்திருக்கு?" அலை கோட்டுக்கு ஒரு நூல் கீழே வரை போய், நின்று, இறங்கியது. "யாரோ பேசறாங்களாக்கா?" "என் மாமியார். வெளில." "கோட்டத் தொடல." தட்டினாள், நிறையத் தட்டினாள். "இடம் மாற்றம்னு போட்டுருக்கேன். பாஸ். மூணு மாசத்துக்கு. ஆனா மேல யாராவது ரெக்கார்டிங் எடுத்துக் கேட்டாங்கன்னா பழைய போட்டோவுக்கு விளக்கம் கேப்பாங்கக்கா." "கேக்கட்டும், சொல்றேன்." "நீங்க சொல்லிருவீங்க" என்றாள், புகார் மாதிரியும் இருந்தது. போகும் முன், "அந்தச் செங்கல் ஆடாதுல்ல?" என்று கேட்டாள். ஆடாது என்றேன்.

பதினொன்றரைக்கு லைனைத் திறந்தேன். முதல் அழைப்பு தேனியிலிருந்து, ஒரு பெண், இட்லி மாவுக்கு உளுந்து போட்டால் ஜார் அடியில் சூடாகிறது என்றாள். வெளியே அத்தை இன்னும் போகவில்லை. கதவின் அந்தப் பக்கம், பழைய சாம்பல் பக்கம், வளையல் படுகிறது. "பட்டப்பகல்ல தாப்பா வேறயா? யாராவது வந்தா என்னன்னு சொல்லுவேன்?" ஹெட்செட்டுக்கு வெளியே அது பக்கத்து வீட்டுப் பேச்சு போல வந்தது. என்னன்னு சொல்லுவார்? மருமக வேலையா இருக்கான்னு சொல்லலாம். அவர் வாய்க்கு நாலு எழுத்து கூடுதலாக இருக்கலாம், பழகினால் வரும். எழுந்து போய்த் திறந்து விளக்கலாம், பத்து விநாடி ஆகும், அந்தப் பத்து விநாடிதான் இருபத்திரண்டு வருடம் ஆனது. "எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓட்டுறீங்கம்மா?" என்று தேனிப் பெண்ணைக் கேட்டேன். அவள் யோசித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது, யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், "இருங்க, பேசிட்டிருக்கேன்ல" என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது என் காதில் சூடாக விழுந்தது. "சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். நோட்டில் புதுப்பக்கம் திருப்பி அவள் நம்பரை எழுதினேன். கதவு ஒருமுறை குலுங்கியது, பிறகு குலுங்கவில்லை. அவள் சூட்டைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், ம் என்றேன், ம் என்றேன், பேனா பிடித்த கையை நீட்டி, மேசை முடிகிற இடத்தில், அதன் விளிம்பை ஒட்டிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன், இதுவரைக்கும் என்னோடது.